அடி கறுக்கும் மிளகாய்: வெயில் ஊரில் தண்ணிக் கணக்கு

மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரே புலம்பல்தான். "செடி நல்லா வந்துச்சு, பூவும் வந்துச்சு, காயும் புடிச்சுது. இப்போ பார்த்தா காயோட அடி மட்டும் கறுத்துப் போகுது. என்ன பண்றது?" நாங்கள் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் சாண்ட்லர். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை (43 செல்சியஸ்) தொட்டது அல்லது தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் மிளகாய் வளர்ப்பதா என்று கேட்காதீர்கள். வளர்க்கலாம். நல்லாவே காய்க்கும். தண்ணி ஊற்றும் விதம் மட்டும் நம் பெற்றோர் பழகியதிலிருந்து கொஞ்சம் மாற வேண்டும்.

அந்த மாற்றத்தை வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் நிஜமான சிக்கல். நம்மில் பல பேர் வீட்டில் தோட்டம் தாத்தா பாட்டியின் பொறுப்பு. அவர்களுக்கு இங்கே கார் ஓட்ட முடியாது, பேச்சுத்துணை கிடையாது. செடிக்குத் தண்ணி ஊற்றுவதுதான் அந்த நாளின் ஒரு வேலை. அதையும் "தப்பா ஊத்துறீங்க" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்? அதனால் இந்தக் கட்டுரையில் மிளகாயும் உண்டு, எங்கள் அப்பாவும் உண்டு.

முதலில் காயைப் பாருங்கள்

"அழுகல்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வெயில் ஊரில் மிளகாய்க்கு வருவது பெரும்பாலும் மூன்று வகை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒன்று, நுனி அழுகல். காம்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது பூ இருந்த நுனியில் அல்லது அதை ஒட்டிய பக்கவாட்டில், முதலில் தண்ணி கோத்த மாதிரி ஒரு புள்ளி வரும். அப்புறம் பழுப்பாகி, தோல் மாதிரி காய்ந்து, உள்ளே குழியும். அதன் மேல் கறுப்பாகப் பூஞ்சை படிந்தால் நாம் அதை நோய் என்று நினைத்துக்கொள்வோம். பூஞ்சை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இது கிருமியால் வருவதில்லை, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது.

இரண்டு, வெயில் சுட்ட காயம். காயில் வெயில் நேராகப் படும் பக்கம், முக்கியமாக மேற்கு வெயில் விழும் பக்கம், வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும். இலை குறைவாக உள்ள செடியில்தான் அதிகம். நுனியில்தான் வரும் என்றில்லை, தோளிலும் வரும்.

மூன்று, பூஞ்சையால் வரும் பழ அழுகல். வட்ட வட்டமாகக் குழிந்து, வளையத்துக்குள் வளையமாக, நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பு தெரியும். இதற்குச் சூடும் வேண்டும், ஈரமும் வேண்டும். எங்கள் வறண்ட ஊரில் அபூர்வம். சிங்கப்பூர், மலேசியா, ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊர்களில் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கே செடியின் தலையில் தண்ணி ஊற்றக்கூடாது. தெறிக்கும் தண்ணியில்தான் இது ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்குத் தாவும். விழுந்த காய்களைப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், மட்குத் தொட்டியில் வேண்டாம்.

சுண்ணாம்பு இருக்கு, போய்ச் சேரலை

நுனி அழுகலுக்குக் காரணம் காயின் நுனிக்குக் கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து, போதாமல் போவது. இதைக் கேட்டவுடன் எல்லோரும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவார்கள். இன்னும் சிலர் மாத்திரை வாங்கிப் புதைப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் இதுதான் வேடிக்கை. இங்கே கடப்பாரை போட்டால் ஒரு அடிக்குள் வெள்ளைப் பாறை மாதிரி ஒன்று தட்டும். காலிச்சி என்று பெயர். அது சுண்ணாம்பேதான். குழாய்த் தண்ணியிலும் சுண்ணாம்பு. ஷவரில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். மண்ணிலும் இருக்கு, தண்ணியிலும் இருக்கு. அப்புறம் காய்க்கு மட்டும் ஏன் இல்லை?

கால்சியம் தானாக நகராது. வேர் உறிஞ்சும் தண்ணியோடு சேர்ந்துதான் மேலே ஏறும். தண்ணி எங்கே அதிகம் போகிறதோ அங்கேதான் அதுவும் போகும். வெயிலில் இலைதான் நிறைய நீராவியை வெளியே விடுகிறது, அதனால் தண்ணியை இழுப்பதும் இலைதான். வழவழப்பான தோல் போர்த்திய காய் அவ்வளவு இழுக்காது. பந்தியில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பது இலை, கடைசி வரிசையில் காயின் நுனி. மண் காய்ந்து வரத்து குறைந்தால் கடைசி இலைக்குத்தான் சோறு வராது. காய் வேகமாகப் பெருக்கும் நாட்களில் இப்படி ஆனால், நுனியில் உள்ள செல்களின் சுவர் பலமில்லாமல் உடைந்துபோகும். அதுதான் அந்தக் கறுப்பு.

இன்னொரு விஷயம். இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது. அதனால் இலையில் தெளிக்கும் மருந்தால் பெரிய பலன் இல்லை. கறுத்த காய் மறுபடி சரியாகாது, பறித்துவிடுங்கள். பூஞ்சை இல்லாவிட்டால் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை இன்னும் பெருத்து, காயின் பங்கு இன்னும் குறையும். உருட்டுக் குடைமிளகாய்க்கு இந்தத் தொல்லை அதிகம், சின்ன மிளகாய்க்குக் குறைவு.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "என்ன போடணும்?" இல்லை. "தண்ணி ஒரே சீராப் போகுதா?" என்பதுதான்.

மூணு பேர் ஊத்தின தண்ணி

எங்கள் அப்பாவுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், கமுதி பக்கம். முண்டு மிளகாய் விளையும் சீமை. வேலைக்காக நியூஜெர்சி வந்து முப்பது வருடம் இருந்தார். நான் வளர்ந்ததும் அங்கேதான். பின்வாசலில் வருடா வருடம் மிளகாய் போடுவார், சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தண்ணி ஊற்றுவார். அம்மா போன பிறகு எங்களோடு சாண்ட்லர் வந்துவிட்டார். வந்த முதல் வசந்தத்திலேயே ஆறு தொட்டியில் நாற்று வைத்தார்.

எங்கள் வீட்டில் தண்ணி மூன்று வழியில் போனது. காலையில் என் கணவர் வைத்த டைமரில் சொட்டு நீர். சாயங்காலம் அப்பா, இலை வாடியிருப்பதைப் பார்த்து ஒரு வாளி. நடுவில் நினைத்தபோதெல்லாம் என் ஒன்பது வயது மகள். நாங்கள் வெளியூர் போன வாரக்கடைசியில் அப்பாவும் இல்லை, மகளும் இல்லை, டைமரின் பத்து நிமிடம் மட்டும்தான். ஒரு நாள் குளம், மறுநாள் பாலைவனம். மகளின் நோட்டில் இருக்கிறது: முதல் காய்ப்பில் பறித்தது 14 காய், அதில் 9 அடி கறுத்தவை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. "இந்த மண்ணுக்கும் எனக்கும் ராசி இல்லத்தா" என்று ஒரே வார்த்தை. அதற்கப்புறம் ஒரு வாரம் சாயங்காலம் வெளியே போகவேயில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு மிளகாய் போனது பெரிதில்லை, அந்த நாற்காலியைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வாடின இலை எல்லாம் தாகம் இல்லை

வெயில் ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கு மிளகாய் இலை தொங்கிப்போகும். மண்ணில் ஈரம் இருந்தாலும் தொங்கும். வேர் இழுக்கும் வேகத்தைவிட இலை விடும் வேகம் அதிகம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும், இல்லையென்றால் விடியற்காலையில், இலை நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்துத் தண்ணி ஊற்றினால் ஏற்கனவே நனைந்த மண் சேறாகும், வேருக்குக் காற்று இல்லாமல் போகும், வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணி இழுக்காது. அப்போதும் இலை வாடும், நாமும் மறுபடி ஊற்றுவோம்.

அதனால் செடியைக் கேட்க வேண்டிய நேரம் காலைதான். விடிந்தும் இலை தொங்கியிருந்தால் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தால் தண்ணியை நிறுத்தி வேரைக் கவனியுங்கள்.

இதை அப்பாவிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் சொல்லவில்லை, கேட்டேன். "அப்பா, கமுதியில மிளகாய்க்கு எப்படித் தண்ணி விடுவீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அங்க யாருத்தா மிளகாய்க்குத் தினம் தண்ணி ஊத்துனது? புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பு. கரிசல் மண்ணு ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும். மேல வெடிச்சுக் கிடக்கும், உள்ள விரலை விட்டா சில்லுனு இருக்கும்."

"அப்போ இந்தத் தொட்டி மண்ணு?"

எழுந்து வந்தார். தொட்டியில் கை விட்டு ஒரு பிடி அள்ளினார். பீட்டும் பெர்லைட்டும் கலந்த கடை மண். விரலுக்கு நடுவில் உதிர்ந்தது. "இது மண்ணா? தவிடு மாதிரியில்ல இருக்கு. இதுல ஈரம் எப்படி நிக்கும்?"

அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கரிசல் என்ன செய்யும் என்று அவருக்கு என்னைவிடத் தெரியும். கரிசல் இங்கே இல்லை என்பதுதான் வித்தியாசம். அதைக் கண்டுபிடித்ததும் அவரேதான். உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஊரில் மண் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இப்போ எங்க வீட்டு முறை

ஊற்றுவது ஒரே ஆள். அது அப்பா. டைமரை அவர் சொல்கிறபடி என் கணவர் வைப்பார். வாளி கிடையாது.

நேரம்: விடியற்காலை. ஊற்றினால் தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணி வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். மேலாக நனைத்து விடுவது கூடாது. அடுத்த தண்ணி மேல் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு. ஏப்ரலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். ஜூன் வந்தால் தொட்டிக்குத் தினமும், 110 தாண்டினால் சில தொட்டிக்கு இரண்டு வேளையும் தேவைப்படும். நாள் கணக்கை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். காய்ந்த தொட்டி லேசாக இருக்கும்.

தொட்டி: ஒரு செடிக்கு 5 கேலனுக்குக் (சுமார் 19 லிட்டர்) குறையக்கூடாது. சின்னத் தொட்டியில் என்ன செய்தாலும் ஈரம் சீராக நிற்காது. கறுப்புத் தொட்டி வேரை வேகவைத்துவிடும். வெளிர் நிறம் நல்லது. சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

மண்: அந்தத் தவிட்டு மண்ணோடு நன்றாக மட்கிய உரமும் தென்னை நாரும் கலந்தோம். மேலே மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்கு. இந்த மூடாக்குதான் பாதி வேலையைச் செய்கிறது.

தரையில் நடுபவர்கள்: ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணி நின்றால் அடியில் காலிச்சி இருக்கிறது. அங்கே நடாமல் மேட்டுப்பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். தண்ணி ஒரு அடி ஆழம்வரை இறங்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தால், ஈரம் உள்ள ஆழம்வரை சுலபமாக இறங்கி அப்புறம் தட்டி நிற்கும்.

உப்பு: எங்களுக்குத் தண்ணி தரும் ஆறுகளில் ஒன்றின் பெயரே சால்ட் ரிவர், உப்பு ஆறு. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயில் வருவதிலும் உப்பு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். இலை விளிம்பு கருகும். உப்பு சேர்ந்த மண்ணிலிருந்து வேரால் தண்ணி இழுப்பதும் கஷ்டம், அதனால் நுனி அழுகலும் கூடும். மாதம் ஒரு முறை தொட்டியில் நிறையத் தண்ணி விட்டு அடிவழியாகக் கழுவி விடுங்கள்.

எந்தத் தண்ணி: வீட்டில் உப்புப் போடும் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணி செடிக்கு வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கும் இயந்திரம் அது. தோட்டக் குழாய் அதில் சேராமல் தனியாக வருகிறதா என்று பாருங்கள். ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் தண்ணியையும் சேமித்து ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். அரிசி கழுவின தண்ணி பரவாயில்லை, ஆனால் அதையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் செடிக்கு லீவு

பகலில் 90 முதல் 95 டிகிரிக்கு (32 முதல் 35 செல்சியஸ்) மேல், இரவிலும் 75-க்கு (24 செல்சியஸ்) மேல் போனால் மிளகாய் பூவை உதிர்க்கத் தொடங்கும். எங்கள் ஊரில் ஜூலை இரவே சில நாள் 90. அந்த நேரத்தில் காய்க்கவில்லையே என்று உரம் போடாதீர்கள். செடி உயிரோடு இருந்தால் போதும். வெயில் தணிந்ததும், செப்டம்பர் கடைசியில், மறுபடி பூக்கும். அக்டோபர் காய்தான் எங்களுக்கு நல்ல காய்ப்பு.

அதுவரை நிழல் வேண்டும். 30 முதல் 50 சதவீத நிழல்வலை, முக்கியமாக மதியத்துக்கு மேல். முதல் வருடம் வலை வாங்கும்வரை அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை மேற்குப் பக்கம் கட்டினார் அப்பா. காற்றுப் போக வழி விட்டுக் கட்டினால் அதுவே நன்றாக வேலை செய்கிறது. வெயில் சுட்ட காயமும் நின்றது.

நிழல் என்றதும் என் மகள் பள்ளி நூலகத்தில் படித்த ஒன்றைத் தாத்தாவிடம் சொன்னாள். தெற்கு அரிசோனாவில், துமக்காக்கோரி மலைப்பக்கம், காட்டு மிளகாய் தானாகவே விளைகிறது. பெயர் சில்ட்டெபின். பட்டாணியைவிடச் சின்ன உருண்டை. அதற்காகவே 1999-இல் கொரோனாடோ தேசிய வனத்துக்குள் ஒரு பகுதியைப் பாதுகாப்பாக ஒதுக்கியிருக்கிறார்கள். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, அவைதான் தின்று விதையைப் பரப்புகின்றன. அந்தச் செடி வெட்டவெளியில் வளர்வதில்லை, மரத்தடி நிழலில்தான் வளர்கிறது. நம் ஊருக்கு மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு கடல் வழியாகப் போனதுதான். பூர்வீகம் இந்தக் கண்டம்.

அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ இது நம்ம முண்டுக்குப் பாட்டி முறை வேணும்" என்றார்.

பிள்ளைகளோடு செய்யும்போது

முதலில் பாதுகாப்பு. வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கிய தண்ணி கொதிக்கிற சூட்டில் வரும். குழந்தையின் கையையே பொத்துப்போக வைத்துவிடும், செடியையும் வேகவைக்கும். பெரியவர் ஒருவர் முதலில் திறந்து, தண்ணி குளிர்ந்த பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். வேலை எல்லாம் காலை ஏழு மணிக்குள் முடியட்டும்.

மகளுக்குத் தண்ணி ஊற்றும் வேலை இப்போது இல்லை, விரல் வைக்கும் வேலை. ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டு "காஞ்சிருக்கு", "ஈரமா இருக்கு", "சொதசொதன்னு இருக்கு" என்று தாத்தாவிடம் சொல்ல வேண்டும். தாத்தா பார்த்து முடிவு சொல்வார், அவள் நோட்டில் தமிழில் எழுதுவாள். முதலில் மூன்று வார்த்தைதான். இப்போது "புடிச்சிருக்கு", "உதிர்ந்துபோச்சு", "வெம்பிப்போச்சு" எல்லாம் வந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் "சொதசொத" என்று எழுதி, டீச்சரைச் சிரிக்க வைத்தாளாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆறு செடியில் ஒன்று ஆகஸ்டில் வேர் அழுகிப் போனது. அக்டோபர் காய்ப்பில் 40-க்கு மேல் பறித்தோம், அதில் அடி கறுத்தவை மூன்று. கறிவேப்பிலைச் செடிக்கு அப்பா இன்னும் சாயங்காலம் கண்ணால் பார்த்துத்தான் ஊற்றுகிறார். அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

உங்கள் ஊருக்குத் தகுந்தபடி காலம் மாறும். பீனிக்ஸ் பக்கம் பனி பயம் போன பிறகு, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் நாற்று நட்டால், பெரிய வெயிலுக்கு முன்னால் ஒரு காய்ப்பு எடுத்துவிடலாம். துபாய், தோஹாவில் அக்டோபரில் தொடங்குங்கள். சிட்னியின் மேற்குப் பக்கம், பெர்த்தில் இருப்பவர்களுக்கு எங்கள் ஜூலை கதை ஜனவரியில் வரும். விரலும் மூடாக்கும் நிழலும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

நாளைக் காலை தண்ணியைத் திறப்பதற்கு முன்னால், வீட்டில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு தொட்டியில் எல்லோரும் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கா, இல்லையா? எவ்வளவு ஊத்தணும்னு அப்புறம் பேசிக்கலாம்.